பித்தம் தேங்கிய கல்லீரலும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளும்: எங்கே தவறுகிறோம்?

கல்லீரலில் ஊறும் பித்தநீர் நாளங்கள் வழியாகக் குடலுக்குப் போய்ச் சேர வேண்டும். கல், கட்டி, நாளச் சுருக்கம், சில மருந்துகள், நாளங்களையே தாக்கும் தன்னுடல் தாக்கு நோய் என்று ஏதாவது ஒன்று வழியை அடைத்தால் பித்த அமிலங்கள் கல்லீரல் செல்களிலேயே தேங்கிவிடும். பித்த அமிலம் சோப்பு மாதிரி, கொழுப்பைக் கரைப்பதுதான் அதன் வேலை. செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனதுதானே! சவ்வு சேதமாகும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகும், செல்லைச் சிதைக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகும், அவற்றை அடக்க செல் வைத்திருக்கும் குளுட்டாதையோன் தீர்ந்துகொண்டே வரும். சரி, அப்படியானால் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். அந்த எண்ணத்தில் பிழையில்லை. அதற்கு அடுத்து எடுத்து வைக்கும் அடியில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், அடைப்பு எங்கே என்று பார்க்காமலேயே மாத்திரையைத் தொடங்குவது. நாளத்தில் சிக்கிய கல்லை எந்த மூலிகைச் சாறும் கரைத்துத் தள்ளாது, அதற்கு எண்டோஸ்கோப்பி வழி இருக்கிறது. சிறுநீர் அடர் நிறமாவது, மலம் வெளிறுவது, தோல் அரிப்பு எல்லாம் பரிசோதனைக்குப் போகச் சொல்லும் அறிகுறிகள். காமாலையோடு காய்ச்சலும் வலது மேல்வயிற்றில் வலியும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளத்தில் தொற்று பரவிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளமாக இருக்கலாம்.

அப்புறம், எலி ஆய்வுகளை அப்படியே நம்பிவிடுவது. எலியின் பித்தநாளத்தைக் கட்டிவிட்டு, மஞ்சளிலுள்ள குர்குமின், வெங்காயத்திலுள்ள குவர்செட்டின், மில்க் திஸ்டில் செடியிலிருந்து எடுக்கும் சிலிமாரின், தூக்க ஹார்மோனான மெலட்டோனின் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் நிறைய உண்டு. பலவற்றில் கல்லீரல் சேதம் குறைந்தது உண்மை. ஆனால் மருந்தைக் கொடுத்த நேரத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் நாளத்தைக் கட்டும் முன்போ, கட்டிய உடனேயோ கொடுத்திருப்பார்கள். மனிதரோ நோய் முற்றிய பிறகுதான் வருகிறார். அளவிலும் குழப்பம். எலிக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால் 60 கிலோ மனிதருக்கு 6 கிராம் என்று பெருக்கிவிடுகிறார்கள். உடல் பரப்பளவை வைத்து மாற்றும் வழக்கமான கணக்கில் அது ஏறக்குறைய 1 கிராம்தான், அதுவும் ஆய்வுக்கான மதிப்பீடே தவிர, சாப்பிடும் அளவு அல்ல. தன்னுடல் தாக்கால் பித்தநாளம் பழுதாகும் நோயில், வழக்கமான மருந்து போதாதவர்களுக்கு சிலிமாரினைச் சேர்த்துக் கொடுத்த ஒரு சிறிய ஆய்வு 2000-இல் வெளியானது. பலன் கிடைக்கவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. பித்தநீர் வெறும் கழிவு அல்ல, உடலுக்கு அது ஒரு பாதை. வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் குடலில் உறிஞ்சப்பட பித்தநீர் வேண்டும். அது குடலுக்கு வராதபோது சாதாரண வைட்டமின் ஈ கேப்ஸ்யூலை விழுங்கினால் பெரும்பகுதி வீணாகும். அதனால்தான் பித்தத் தேக்கம் உள்ள குழந்தைகளுக்கு நீரில் கரையும் வடிவில் வைட்டமின் ஈ கொடுக்கிறார்கள். வைட்டமின் கே ஏற்கெனவே குறைந்தவர் வைட்டமின் ஈயை அதிக அளவில் எடுத்தால் ரத்தக் கசிவு அபாயமும் கூடும். இது உள்ளே வரும் பாதை. வெளியேறும் பாதையும் அதுவேதான்: செம்பும் மாங்கனீசும் உடலை விட்டுப் போவது பெரும்பாலும் பித்தநீர் வழியாக. பித்தம் தேங்கினால் இரண்டும் உள்ளேயே சேரும், மாங்கனீசு மூளையில் போய்ப் படியும். வேடிக்கை என்னவென்றால், ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற பெயரில் விற்கும் பல கலவை மாத்திரைகளில் இவை இரண்டும் இருக்கின்றன. லேபிளின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

‘இயற்கையானதுதானே’ என்ற சமாதானத்தையும் விட்டுவிட வேண்டும். கிரீன் டீயின் செறிவூட்டிய சாற்றில் உள்ள கேட்டச்சின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் சேதத்தைக் காட்டும் என்சைம்கள் ரத்தத்தில் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. கோப்பையில் குடிக்கும் தேநீர் வேறு, கேப்ஸ்யூல் வேறு. குர்குமின் கேப்ஸ்யூல்களாலும் கல்லீரல் அழற்சி வந்திருக்கிறது, 2019-இல் இத்தாலியில் பதிவான சில பாதிப்புகள் பித்தத் தேக்க வகையே. உறிஞ்சுதலைக் கூட்ட மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்த கேப்ஸ்யூல்களில் கூடுதல் கவனம் தேவை. குர்குமின் பித்தப்பையைச் சுருங்கவும் வைக்கும், கல் உள்ளவர்களுக்கு அது நல்லதல்ல.

கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கு வைட்டமின் ஈ உதவியதாக 2010-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது, சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம். அதைப் பித்தநாள நோய்க்குச் சான்றாகக் காட்டுவது தவறு.

ரத்தப் பரிசோதனை எண் இறங்கினால் குணமாகிறது என்று முடிவு கட்டுவதும் ஆபத்து. உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் நம் உடலிலேயே சிறிதளவு உள்ள பித்த அமிலம், இந்த நோய்களுக்கு மருந்தாகவும் தருவது. பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் நோயில் இதை நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 28 முதல் 30 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. என்சைம் எண்கள் இறங்கின, நோயாளிகளின் நிலையோ மருந்தில்லாக் குழுவை விட மோசமானது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். அரிப்புக்குக் கொலஸ்டிரமின் தூள் எடுப்பவர்கள் அதோடு சேர்த்து வேறு எதையும் விழுங்கக் கூடாது. குடலில் அது மற்ற மருந்துகளையும் வைட்டமின்களையும் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். அவற்றை ஒரு மணி நேரம் முன்பாகவோ, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ எடுங்கள்.