இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலை நிற்காமல் ஓட

தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக லினக்ஸ் சர்வருக்குள் நுழைந்து, பல மணி நேரம் ஓடக்கூடிய தரவுத்தள பேக்கப்பைத் தொடங்கிவிட்டு மடிக்கணினியை மூடினால், அந்த வேலை பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடும். இணைப்பு போனதும் டெர்மினல் மூடப்பட்டதாகக் கொண்டு, ‘சிக்ஹப்’ எனப்படும் 1-ஆம் எண் சிக்னலை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல்லுக்கு அனுப்புகிறது. ஷெல் அதைத் தான் தொடங்கிய வேலைகளுக்கும் அனுப்ப, அதற்கென ஏற்பாடு எதுவும் இல்லாத நிரல் அங்கேயே முடிந்துபோகிறது.

இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது, டெர்மினல் அமர்வுகளைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் என்ற நிரல். சர்வருக்குள் நுழைந்தவுடன், வேலையைத் தொடங்கும் முன்பே, ‘டிமக்ஸ் நியூ -எஸ் பேக்கப்’ என்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் கட்டளையிட்டால் ‘பேக்கப்’ என்ற பெயரில் ஓர் அமர்வு திறக்கும். அதற்குள் ஓடும் ஷெல் நம் இணைப்பைச் சார்ந்திருப்பதில்லை. வேலையை ஓடவிட்டு, கன்ட்ரோலையும் பி விசையையும் சேர்த்து அழுத்தி, இரண்டையும் விட்டபின் ‘டிடாச்’ என்பதன் முதலெழுத்தான டி-யை அழுத்தினால் அமர்விலிருந்து வெளியே வந்துவிடலாம். வெளியேறுவதற்கு ‘எக்ஸிட்’ என்று தட்டச்சு செய்யக் கூடாது. அது அந்த ஷெல்லையே மூடிவிடும். மறுநாள் அதே பயனராக நுழைந்து ‘டிமக்ஸ் அட்டாச்’ என்றால் விட்ட இடம் அப்படியே திரும்பும். ஆனால் இயல்பான அமைப்பில் டிமக்ஸ் 2000 வரிகளை மட்டுமே நினைவில் வைத்திருக்கும் என்பதால், வெளியீட்டைத் திரைக்கும் கோப்புக்கும் ஒருசேர அனுப்பும் ‘டீ’ கட்டளை வழியாக ஒரு லாக் கோப்பிலும் எழுதிவைப்பது நல்லது.

இடையில் கேள்வி கேட்காத வேலைக்கு ‘நோஹப்’ என்ற கட்டளை போதும். கட்டளைக்கு முன்னால் அதையும் இறுதியில், வேலையைப் பின்னணியில் ஓடவிடும் ‘&’ குறியையும் சேர்த்தால், சிக்ஹப் புறக்கணிக்கப்படும்; வெளியீடு ‘நோஹப்.அவுட்’ கோப்பில் சேரும். பைத்தான் நிரலானால் ‘பைத்தான்’ என்ற கட்டளைக்கு அடுத்து ‘-யு’ என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லையேல் வெளியீடு பஃபர் எனும் தற்காலிக நினைவிடத்தில் தங்கி, கோப்பு நெடுநேரம் வெறுமையாகவே தெரியும்.

எந்த ஏற்பாடும் இன்றி வேலையைத் தொடங்கிவிட்டவர்கள் கன்ட்ரோல்-இசட் அழுத்தி நிறுத்தி, ‘பிஜி’ மூலம் பின்னணியில் ஓடவிட்டு, பாஷ் ஷெல்லில், அந்த வேலையை ஷெல்லின் பட்டியலிலிருந்து விடுவிக்கும் ‘டிஸ்ஓன்’ கொடுக்கலாம். இது அவசரத்துக்கு மட்டுமே, ஏனெனில் வெளியீடு பழைய டெர்மினலுக்கே போவதால், அது மறைந்தபின் எழுத முயலும் நிரல் பிழை கண்டு நின்றுவிடக்கூடும்.

சர்வரே ரீபூட் ஆனால் இவற்றில் எதுவும் உதவாது; அதையும் தாண்டி ஓட வேண்டிய வேலையை, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸாக அமைக்க வேண்டும்.