ரங்கூனில் ரூம் போடுவது எப்படி? பழைய கட்டடத்தில் தங்க ஆசைப்படுவோருக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் ரங்கூனுக்கு (இன்றைய யாங்கோனுக்கு) வந்தால், ரூம் பார்த்து வைக்கும் வேலை எங்கள் வீட்டுக்குத்தான் வரும். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: தாத்தா கடை வைத்திருந்த தெருவுக்குப் பக்கத்தில், உயரமான கூரை, மரப்படி, கீழே டீக்கடை சத்தம் என்று இந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரிகிற ஒரு இடம். விமான நிலையத்துப் பக்கம் இருக்கும் பளிங்குத் தரை ஓட்டல் அவர்களுக்கு வேண்டாம். ரூம் தேடித் தேடி எனக்கென்று ஒரு வரிசை படிந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். விசா, டிக்கெட் விவரமெல்லாம் வேறு இடத்தில் கிடைக்கும்.

முதல் படி: ஓட்டலை விடுங்கள், தெருவைப் பிடியுங்கள்

முன்பதிவுத் தளத்தில் விலை வரிசை போட்டுத் தேடினால் ஊர் முழுக்கச் சிதறிய பெயர்கள்தான் வரும். அதற்கு முன்னால் வரைபடத்தைத் திறந்து சூலே பகோடாவைக் கண்டுபிடியுங்கள். பழைய ரங்கூன் அதைச் சுற்றித்தான். ஆற்றங்கரையிலிருந்து வடக்கே ஸ்ட்ராண்ட், மெர்ச்சன்ட், மகாபந்தூலா, அனோரதா, போஜோ அவுங்சான் என்று பெரிய சாலைகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு எண் போட்ட சிறு தெருக்கள்.

பெரியவர்கள் சொல்லும் பெயர் வரைபடத்தில் இருக்காது. மொகல் தெரு இப்போது ஷ்வே பொந்தா தெரு. பிரேசர் தெரு அனோரதா சாலை, டல்ஹவுசி தெரு மகாபந்தூலா சாலை, ஃபேர் தெரு பன்சோடான், ஸ்காட் மார்க்கெட் போஜோ மார்க்கெட். செட்டியார் கிட்டங்கிகள் (வட்டிக்கடையும் தங்குமிடமும் சேர்ந்தவை) இருந்த இடம் தேடி வருகிறவர்கள் ஷ்வே பொந்தாவைச் சுற்றியுள்ள பபெடான் பகுதியைப் பாருங்கள். 1871இல் தமிழர்கள் கட்டிய காளியம்மன் கோயில், சூலியா பள்ளிவாசல், 26ஆம் தெருவில் யூதர்களின் ஜெபக்கூடம் எல்லாம் நடக்கிற தூரம். காலையில் மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வேண்டாம் என்பவர்களுக்குத் தோசையும் கிடைக்கும். சத்தமும் நெரிசலும் இங்கே அதிகம்தான்.

அமைதி வேண்டுமென்றால் கிழக்கே போத்ததவுங் பக்கம் நகருங்கள். 19ஆம் தெருவில் மட்டும் ரூம் போடாதீர்கள். அது சாயங்காலம் போய்ச் சுட்ட மீன் சாப்பிட்டுவிட்டு வர வேண்டிய தெரு. அங்கே தூங்க முடியாது.

முகவரியில் இன்னொரு விஷயம். ஒரே எண் தெரு கீழ் பிளாக், நடு பிளாக், மேல் பிளாக் என்று பிரியும். மகாபந்தூலாவுக்குத் தெற்கே கீழ் பிளாக், அனோரதாவுக்கு வடக்கே மேல் பிளாக், இரண்டுக்கும் நடுவே நடு பிளாக். எது என்று கேட்காமல் வந்தால் பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டிவரும்.

இரண்டாம் படி: உரிமம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். வெளிநாட்டவர் தங்க, அதற்கென்று உரிமம் உள்ள இடமாக இருக்க வேண்டும். இணையத்தில் அழகான மாடி வீட்டுப் படம் போட்டு வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரிடமும் அது இருக்காது. சொந்தக்காரர் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்பதும் லேசான காரியமில்லை. இரவு தங்கும் விருந்தாளியை வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற விதியை 2016இல் நீக்கினார்கள், 2021இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். வீட்டுக்காரருக்குச் சங்கடம் வைக்காதீர்கள்.

மூன்றாம் படி: ஜன்னல்

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். நகர நடுவில் ஒரு மாடிக் குடியிருப்பின் வழக்கமான அளவு பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். வெளிச்சம் முன்பக்கம் தெருவிலிருந்து வரும், பின்பக்கம் சந்திலிருந்து வரும், அவ்வளவுதான். இந்த நீளத்தைப் பலகை வைத்துத் தடுத்து நான்கைந்து அறையாக்கினால் நடு அறைகளுக்கு ஜன்னல் எங்கிருந்து வரும்? அந்த அறையில் படுத்தால் விடிந்தது தெரியாது. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்திலேயே புழுக்கம் தாங்காது. வெளியே நூறு வருஷக் கட்டடமாக இருந்து என்ன பயன்?

படத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்க நான் செய்வது இது. அறைப் படத்தில் திரைச்சீலை இருந்தால் அதன் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். பகல் வெளிச்சம் கசிய வேண்டும். கசியாவிட்டால் பின்னால் சுவர்தான். சில இடங்களில் ஜன்னல் உண்மையாகவே இருக்கும், ஆனால் நடைகூடத்தைப் பார்த்துத் திறக்கும். ஆகவே "ஜன்னல் இருக்கிறதா" என்று கேட்டால் போதாது. "ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும்?" என்று கேளுங்கள். தெரு, சந்து, பக்கத்துச் சுவர் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த இடம் பார்க்கலாம்.

தெருப்பக்க அறை கிடைத்துவிட்டால் அது எவ்வளவு உயரத்தில் என்றும் கேளுங்கள். கடைகளின் ஜெனரேட்டர் நடைபாதையில்தான் நிற்கும். கரண்ட் போனதும் அதன் இரைச்சலும் டீசல் புகையும் முதல் மாடி ஜன்னலுக்கு நேராக ஏறும். மூன்றாம் மாடி என்றால் அந்தத் தொல்லை குறையும். அங்கிருந்து பார்த்தால் எதிர் வீட்டு பால்கனியிலிருந்து தொங்கும் கயிறு தெரியும். நுனியில் ஒரு கிளிப். காலையில் பேப்பர்க்காரர் அதில் பேப்பரை மாட்டிவிட்டு இழுப்பார், மேலே மணி அடிக்கும், வீட்டு அம்மா கயிற்றைச் சுருட்டி எடுப்பார். எங்கள் வீட்டு விருந்தாளிகள் அதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றுவிடுவார்கள்.

பின்சந்து அறைகளை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. பல சந்துகளில் குப்பைதான், உண்மை. ஆனால் டோ எய்ன் என்ற அமைப்பு சில சந்துகளைச் சுத்தம் செய்து, சுவரில் ஓவியம் தீட்டி, செடி வைத்துத் தெருக்காரர்கள் உட்காரும் இடமாக மாற்றியது. அப்படிப்பட்ட சந்தைப் பார்த்த அறை தெருப்பக்க அறையைவிட அமைதியாகவே இருக்கும். அறைப் படத்தோடு சந்தின் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: படி, கரண்ட், நெருப்பு, மழை

லிஃப்ட் இல்லாத கட்டடங்கள்தான் அதிகம், படியும் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர் வருகிறாரென்றால் "எத்தனையாவது மாடி" என்று கேட்காதீர்கள், எண்ணுகிற முறை ஆளுக்கு ஆள் மாறும். "வாசலிலிருந்து எத்தனை படி ஏற வேண்டும்" என்று கேளுங்கள்.

ஜெனரேட்டர் உண்டு என்றால் அதில் ஏசி ஓடுமா, மின்விசிறியும் விளக்கும் மட்டுமா, இரவு முழுக்க ஓடுமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். மின்தடை இங்கே அன்றாட விஷயம்.

மரக்கட்டடம் என்றால் எனக்கும் உயிர். ஆனால் ஏரிக்கரையில் இருந்த கண்டோஜி பேலஸ் ஓட்டல், தேக்கால் இழைத்தது, 2017 அக்டோபரில் ஒரே இரவில் எரிந்துபோனது. அதற்குப் பிறகு இரண்டாவது வெளிவழி இருக்கிறதா என்று கேட்காமல் நான் யாருக்கும் ரூம் போடுவதில்லை. இரும்புக் கம்பி அடித்து மூடிய ஜன்னல் வெளிவழிக் கணக்கில் சேராது.

மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை மழை. பழைய சுவர் ஊறி, மெத்தை வரைக்கும் ஈர வாடை ஏறும். மழைக்காலத்தில் வருகிறவர்கள் அந்த மாதங்களில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள். ஜனவரியில் தங்கியவரின் பாராட்டு ஜூலைக்கு உதவாது.

ஐந்தாம் படி: எதில் தேடுவது, எதில் பேசுவது

முன்பதிவுத் தளத்தைப் பட்டியல் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திர எண்ணிக்கை பழைய கட்டடத்துக்குப் பொருந்தாத அளவுகோல். பேச்சு வைபர் செயலியில். இந்த ஊர் சிறு விடுதிக்காரர்கள் மின்னஞ்சலைவிட அதில்தான் பதில் போடுவார்கள். வரைபடத்துக்கு, இணையம் இல்லாமலும் ஓடுகிற ஆர்கானிக் மேப்ஸ் எனக்குப் பிடித்தது. ஃபேஸ்புக் 2021 முதல் நாட்டுக்குள் தடை, ஆகவே விடுதியின் ஃபேஸ்புக் பக்கத்தில் பார்க்க வேண்டியதையெல்லாம் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஸ்ட்ராண்ட் ஓட்டல் எப்படி என்று கேட்பவர்களுக்கு: 1901இல் சார்கீஸ் சகோதரர்கள் திறந்தது, சிங்கப்பூர் ராஃபிள்ஸும் அவர்களுடையதுதான். பணம் இருந்தால் தாராளமாகத் தங்கலாம். இல்லாவிட்டால் ஒரு மத்தியானம் போய் டீ குடித்துவிட்டு, நாலு எட்டு நடந்து பன்சோடான் தெருவின் பழைய கட்டடங்களைப் பாருங்கள். யாங்கோன் பாரம்பரிய அறக்கட்டளை வைத்த நீலப் பலகைகள் சிலவற்றில் தெரியும், கட்டடத்தின் கதை அதில் இருக்கும். அந்தப் பலகைகள் இருக்கிற தெருக்களை ஒட்டி ரூம் தேடுவதும் ஒரு நல்ல வழி.

பிறகு சேர்த்தவை

ஒரு வாசகர் ஏப்ரல் நடுவில் வந்து மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தார். அது திஞ்ஜான், தண்ணீர்த் திருவிழா. கடைகள் மூடியிருக்கும், விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். அந்த வாரத்தில் சாப்பாடு விடுதியிலேயே கிடைக்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் பள்ளிவாசல் பாங்கு, புத்த மடத்து ஒலிபெருக்கி, காக்கைச் சத்தம் மூன்றும் சேர்ந்து விடிகாலையிலேயே எழுப்பிவிட்டதாகச் சொன்னார். பபெடானில் அது இருக்கத்தான் செய்யும். தூக்கம் லேசானவர்களுக்குப் பின்சந்து அறையே சரி.

இரவில் வந்து இறங்குவது பற்றிப் பல பேர் கேட்டுவிட்டீர்கள். இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு நேரம் அவ்வப்போது மாறிவந்திருக்கிறது. விமான நேரத்தைச் சொல்லி, வாசல் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கிளம்புவதற்கு முந்தின நாள் விடுதிக்காரரிடமே கேளுங்கள். அப்படியே பிளாக் பெயரோடு முழு முகவரியைப் பர்மிய எழுத்தில் அனுப்பச் சொல்லி, போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். டாக்சிக்காரரிடம் அதைக் காட்டினால் போதும்.