வெள்ளை குறையாமல் மணி பிளாண்ட்டைக் கம்பத்தில் ஏற்றுவது எப்படி?

யாழ்ப்பாணத்து வீடுகளில் மணி பிளாண்ட் பெரும்பாலும் ஒரு போத்தல் தண்ணீரில், ரீவிக்குப் பக்கத்தில் நிற்கும். பச்சை ரகம் அதைத் தாங்கும். வெள்ளைத் திட்டுள்ள மார்பிள் குயின் தாங்காது. சில மாதங்களில் இலை சிறுக்கும், கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், புதுத் தளிர் முழுப் பச்சையாக வரும். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால், இலையின் பச்சைப் பகுதிதான் முழுச் செடிக்கும் உணவு செய்கிறது. வெளிச்சம் குறைந்தால் பச்சை கூடிய தளிர்களே முந்தி ஓடும். உரம் போட்டு இதைத் திருத்த முடியாது.

வாங்கும்போது

இலையைவிடத் தண்டைப் பாருங்கள். தண்டில் வெள்ளைக் கோடும் பச்சைக் கோடும் கலந்து ஓட வேண்டும். தண்டு முழுப் பச்சை என்றால் அடுத்த இலைகளும் பச்சையாகவே வரலாம். முழு வெள்ளைத் தண்டு அழகுதான், ஆனால் அதிக காலம் நிற்காது.

இடம்

காலை வெயில் விழும் கிழக்கு யன்னலிலிருந்து 1 முதல் 1.5 மீற்றர் தூரம் நல்லது. பகல் 11 மணிக்குச் செடி இருக்கும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழல் மங்கலாகத் தெரிந்தால் சரி. விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் வெயில் அதிகம். நிழலே இல்லையென்றால் வெளிச்சம் போதாது. மேற்கு யன்னலின் பின்னேர வெயில் வெள்ளைப் பகுதியை முதலில் கருக்கும், கருகியது திரும்ப வெளுக்காது.

யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகையில் இருப்பதால் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் மே, யூனில் வடக்கு யன்னலாலும், மார்கழி, தையில் தெற்கு யன்னலாலும் நேர்வெயில் உள்ளே வரும். போன மாதம் நன்றாக இருந்த மூலையில் இந்த மாதம் இலை கருகினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கம்பமும் சாடியும்

தேவையானவை: அடியில் துளையுள்ள 8 அங்குல மண்சாடி, 50 மில்லிமீற்றர் பிவிசி குழாய் 1 மீற்றர், 8 மில்லிமீற்றர் தும்புக் கயிறு 20 மீற்றர் (சுற்றுவதற்கு ஏறத்தாழ 17 மீற்றர் போகும்). பிளாஸ்டிக் சாடி வேண்டாம், கம்பத்தின் பாரத்தில் சரியும்.

1. கயிற்றையும் தும்புத்தூளையும் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். இப்படி மூன்று தரம். தும்பு வரும் தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. உவர்த் தண்ணீரில் ஊறிய மட்டை என்றால் இன்னும் கூடும். இதை விட்டால் இலை நுனி கருகும்.

2. குழாயின் அடியில் இரண்டு நீள ஆணிகளைக் குறுக்காகச் செருகுங்கள். மண்ணுக்குள் கம்பம் சுழலாமல் பிடிக்கும். மேலே 75 சென்ரிமீற்றருக்குக் கயிற்றை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள்.

3. வெறும் சாடிக்குள் கம்பத்தை முதலில் நிறுத்திவிட்டுக் கலவையை நிரப்புங்கள்: தும்புத்தூள் 2 பங்கு, கொம்போஸ்ட் 1 பங்கு, 1 சென்ரிமீற்றர் அளவில் உடைத்த சிரட்டைக் கரி 1 பங்கு. தோட்டத்துச் செம்மண் சாடிக்குள் இறுகிப்போகும், வேருக்குக் காற்று கிடைக்காது.

4. மூன்று கொடிகளைக் கம்பத்தைச் சுற்றி நடுங்கள். கணுவில் கபில நிறத்தில் முட்டிக்கொண்டு நிற்பது காற்று வேர். அந்தப் பக்கம் கயிற்றைத் தொட வேண்டும். பழைய பருத்திச் சீலையைக் கிழித்த நாடாவால் தண்டை மட்டும் தளர்வாகக் கட்டுங்கள். இலைக்காம்பைச் சேர்த்துக் கட்டினால் இலை வெளிச்சத்தின் பக்கம் திரும்ப முடியாமல் மஞ்சளாகும்.

5. காலையில் கயிற்றை நனையும்படி தெளியுங்கள். காய்ந்த கயிற்றில் வேர் பிடிக்காது. பிடித்தபின் மேலே வரும் இலைகள் ஒன்றைவிட ஒன்று பெரிதாகும். தொங்கவிட்ட கொடியில் இது நடக்காது.

தண்ணீர்

அதிகமாகப் பிழை விடுவது இங்கேதான். விரலை 5 சென்ரிமீற்றர் உள்ளே விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வாரம் இருமுறை தேவைப்படலாம். மாரியில் பத்து நாளுக்கு ஒருமுறையே போதும். வேர் அழுகினால் அடி இலைகள் மஞ்சளாகும், மண்ணில் கெட்ட மணம் வரும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. தொடர்ந்து ஊற்றினால் கலவையில் காரம் ஏறி, வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போகும். அப்போது புது இலை வெளிறும். "வெள்ளை கூடுது" என்று சந்தோசப்பட வேண்டாம். உண்மையான வெள்ளைத் திட்டு நரம்பைக் கவனிக்காமல், ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். சத்துக் குறைந்த இலையில் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி ஒரே சீராக மஞ்சளாகும்.

மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அதையே ஊற்றுவது சிறந்தது. பீப்பாய்க்கு இறுக்கமான மூடி கட்டாயம், டெங்கு நுளம்பு இப்படிச் சேர்த்து வைத்த தண்ணீரில் முட்டையிடும். சாடித் தட்டில் தேங்கும் தண்ணீரையும் உடனே கொட்டுங்கள். மழைத் தண்ணீர் இல்லையென்றால், மாதம் ஒருமுறை அடியால் நன்றாக வழியும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். உரம் என்றால் அல்பேர்ட் கரைசல் (தண்ணீரில் கரைத்து ஊற்றும் கலப்பு உரம்), பக்கற்றில் உள்ள அளவில் அரைவாசி, மாதம் ஒருமுறை. யூரியா போடவே வேண்டாம்.

வெட்டு

அடுத்தடுத்து இரண்டு மூன்று இலை முழுப் பச்சையாக வந்தால் காத்திருக்காதீர்கள். கீழே இறங்கி, கடைசியாக நல்ல கலப்பு இலை வந்த கணுவைக் கண்டுபிடித்து அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். முழு வெள்ளையாக வரும் தளிருக்கும் இதே வைத்தியம். வெட்டியதில் நல்ல கோடுள்ள துண்டுகளை, ஒரு கணுவும் ஒரு இலையுமாக நட்டால் வேர் விடும். சாற்றில் கல்சியம் ஒட்சலேற் பளிங்குகள் இருப்பதால் தோல் கடிக்கும், வாயில் போனால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள்.

மாவுப்பூச்சி வெள்ளை இலையில் கண்ணுக்குத் தெரியாது. காம்பு தண்டோடு சேரும் இடுக்கை வாரம் ஒருமுறை பாருங்கள். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும்.

பார்வைக்கு

வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை இலை எடுபடாது. மரக் கதவு, சிவப்புச் சீமெந்துத் தரை, கடும் நிறச் சுவர் இவற்றுக்கு முன்னால் வையுங்கள். சாடியை ஒரு பனையோலைக் கடகத்துக்குள் இறக்கினால் வீட்டோடு பொருந்தும். ஓலை நனைந்து பூஞ்சணம் பிடிக்காமல் உள்ளே ஒரு தட்டு வேண்டும். மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால் கயிறு சீக்கிரம் காயும்.

வெட்டிக் கழித்த துண்டுகளை வேலியோரம் எறிய வேண்டாம். மாரியில் ஒரு கணு மண்ணைத் தொட்டாலே வேர்விட்டு, பக்கத்து மரத்தில் ஏறிவிடும். நன்றாகக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.