கடை வாசல் அஞ்சடியில் வழி விட்டு வைப்பது எப்படி

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மளிகைக்கடை நடத்துகிறேன். புதிதாகக் கடை எடுக்கிறவர்கள் வாடகை, உரிமம், ஆள் பற்றியெல்லாம் விசாரிப்பார்கள். வாசலில் இருக்கும் அஞ்சடியை, அதாவது கடை முன்னால் உள்ள கூரையடி நடைபாதையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது நம் கடையின் மாடிக்குக் கீழே இருந்தாலும் போகிற வருகிறவர்களின் வழி. வரிசை முழுக்க நிழலில் தொடர்ந்து நடக்கத் தாழ்வாரம் விட வேண்டும் என்று 1822இல் நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் கொடுத்த உத்தரவில் வந்தது. 1888இல் அதிலிருந்த சாமான்களை அகற்றச் சொன்னபோது கடையடைப்பும் கலவரமுமே நடந்திருக்கின்றன.

முதலில் அளவு. வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளின் தாழ்வாரங்களில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. என் வாசலுக்கும் நான் அதற்குக் குறைய விடுவதில்லை. தரையில் மஞ்சள் டேப் ஒட்டிவிடுங்கள். கோட்டுக்கு வெளியே ஒரு வெங்காய மூட்டைகூட வரக் கூடாது. மேலேயும் பாருங்கள்: தொங்கும் வாழைத்தார் உயரமானவரின் நெற்றியில் இடிக்கும். வெள்ளைப் பிரம்போடு வருகிறவருக்கு அது தட்டுப்படவே படாது.

காலையில் லாரி வரும் நேரம்தான் சிக்கல். தக்காளிப் பெட்டி, கொத்தமல்லிக் கூடை எல்லாம் ஒரே மூச்சில் இறங்கும். ‘அப்புறம் எடுக்கலாம்’ என்று வைத்த பெட்டி மதியம்வரை அங்கேயே நிற்கும். இறங்க இறங்க உள்ளே தூக்க ஓர் ஆளை நிறுத்துங்கள், அவருக்கு அந்த நேரம் வேறு வேலை கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஈரம். மழை கொட்டும்போது சாரல் அடித்துத் தரை நனையும். அதன்மேல் வெங்காயத்தோலும் நசுங்கிய கறிவேப்பிலையும் கிடந்தால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். குப்பையைக் காய்ந்தபடியே கூட்டி அள்ளிவிட்டு, பிறகு பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பர் துடைப்பானால் தண்ணீரை இழுங்கள். பலர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிக்கிறார்கள். அது ஊறியதும் காலோடு சேர்ந்து நகரும், தயவுசெய்து வேண்டாம். கூட்டியதைச் சாக்கடையில் தள்ளவும் கூடாது. இந்தப் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீர் ரோச்சோர் கால்வாய் வழியாக மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. நாம் குடிக்கும் தண்ணீர் அது. ஏர்கான் சொட்டுக்கு வைத்த வாளியைத் தினமும் கவிழ்த்துவிடுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸின் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும்.

கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீடுகளில் ஒரு வாசலுக்கும் அடுத்ததற்கும் தரைமட்டம் மாறும். படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடித்து வையுங்கள். உடைந்த தரை ஓடுகளை மாற்றுவது உரிமையாளரா, வாடகைக்காரரா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

சரி, நம் வாசல் சுத்தம். பக்கத்துக் கடைக்காரர் வழியை அடைத்து வைத்திருந்தால்? சக்கர நாற்காலியில் வருகிறவர் அங்கே திரும்பி, வண்டிகள் ஓடும் சாலையில்தான் இறங்க வேண்டும். அதனால் நேரில் போய்ப் பேசுங்கள். “அண்ணே, இந்த ரெண்டு பெட்டியை மட்டும் உள்ளே தள்ளிக்குங்க, என் பையனை அனுப்புறேன்” என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். பலமுறை சொல்லியும் கேட்காவிட்டால் அரசிடம் புகார் சொல்லும் ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு தெரிவியுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூட்டம் நெருக்கியடிக்கும் என்பதால், இந்தப் பேச்சை அதற்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.