பனியன் கம்பெனிக்குள் புளூடூத் பீக்கன்: இரண்டு போன் இருந்தால் இன்றே தொடங்கலாம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கட்டிங், ஸ்டிட்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பிரிவு பிரிவாக வேலை ஓடும். சூப்பர்வைசர் செக்கிங் பிரிவுக்குள் நுழைந்ததும் அவர் போனில் செக்கிங் பதிவுப் பக்கம் தானாகத் திறக்க வேண்டும். பேக்கிங் பக்கம் போனால் பேக்கிங் பக்கம். தகரக் கூரைக்கு அடியில் ஜிபிஎஸ்ஸை நம்ப முடியாது. கிடைத்தாலும் அடுத்தடுத்த இரண்டு மேசைகளை அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த வேலைக்குத்தான் பீக்கன் என்ற சின்ன புளூடூத் கருவி.

தொடங்குவதற்கு எதையும் வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போன் இரண்டு போதும்.

முதலில், பீக்கன் என்ன செய்கிறது?

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் "ஈரோடு, ஈரோடு" என்று கூவும் கண்டக்டரைப் போன்றது அது. யார் காதில் விழுந்தது என்று அவருக்குத் தெரியாது; ஈரோடு போக வேண்டியவர் திரும்பிப் பார்ப்பார், மற்றவர்கள் தம் வழியில் போவார்கள். பீக்கனும் தன் எண்ணை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிபரப்பும். போனோடு இணையாது, போனிலிருந்து எதையும் எடுக்காது. "நீங்கள் செக்கிங் பிரிவில் இருக்கிறீர்கள்" என்று முடிவு செய்வது முழுக்க போனில் இருக்கும் செயலி.

இந்த ஒலிபரப்பு முறை 2010இல் வந்த புளூடூத் 4.0இன் குறைந்த மின்சக்திப் பிரிவு. அதன் மேல் ஆப்பிள் 2013இல் ஐபீக்கன் என்ற வடிவத்தையும், கூகுள் 2015இல் எடிஸ்டோன் என்ற வடிவத்தையும் கொண்டுவந்தன. நாம் ஐபீக்கனையே எடுத்துக்கொள்வோம், எளிமையானது.

இதைச் சொன்னதும் ஜவுளிக்கடைக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்க, கடை முன்னாடி போறவங்க போனுக்கெல்லாம் ஆஃபர் மெசேஜ் போயிருமுங்களா?" போகாதுங்க. உங்கள் எண்ணைத் தேடும் செயலி அந்தப் போனில் இருந்தால்தான் ஏதாவது நடக்கும். செயலி இல்லாமலே ஆண்ட்ராய்டு போனில் அறிவிப்புக் காட்டும் வசதியைக் கூகுள் வைத்திருந்தது உண்மை. வேண்டாத விளம்பரங்கள் குவிந்ததால் 2018 டிசம்பரில் அதை மூடிவிட்டது. இன்றும் அந்தக் கதையைச் சொல்லி பீக்கன் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

படி 1: ஒரு போனைப் பீக்கன் ஆக்குங்கள்

பிளே ஸ்டோரில் 'பீக்கன் சிமுலேட்டர்' போன்ற ஒரு செயலியை நிறுவி, ஐபீக்கன் வகையில் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். மூன்று விஷயங்களைக் கேட்கும். யூயூஐடி என்பது 16 பைட் நீள எண். உங்கள் கம்பெனி முழுவதற்கும் ஒன்றே ஒன்று போதும், செயலியே உருவாக்கித் தரும். மேஜர், மைனர் இரண்டும் 0 முதல் 65535 வரை நீங்களே வைக்கும் எண்கள். மேஜரைக் கட்டிடத்துக்கும் மைனரைப் பிரிவுக்கும் வைப்பது வழக்கம்: மேஜர் 1 என்றால் மெயின் யூனிட், மைனர் 3 என்றால் செக்கிங்.

சரி, ஒலிபரப்பை இயக்குங்கள். சில பழைய போன்கள் இந்த வேலையைச் செய்யாது. அப்படியானால் இரண்டு போன்களையும் மாற்றிப் பாருங்கள்.

படி 2: இன்னொரு போனில் கேளுங்கள்

நார்டிக் செமிகண்டக்டர் நிறுவனத்தின் 'என்ஆர்எஃப் கனெக்ட்' இலவசச் செயலி. நிறுவி, புளூடூத்தையும் லொகேஷனையும் ஆன் செய்து, ஸ்கேன் கொடுங்கள். பக்கத்து வீட்டு டிவி, யாரோ ஒருவரின் இயர்பட்ஸ் எல்லாம் வரிசையில் வரும். அவற்றுக்கிடையே ஐபீக்கன் என்று குறித்த வரியைத் தேடி, அதைத் தொட்டால் உங்கள் யூயூஐடி, மேஜர், மைனர் மூன்றும் அப்படியே தெரியும். சாதன முகவரியை அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன் ஒலிபரப்பும்போது அது அவ்வப்போது மாறும்.

ஐபோனில் இதே செயலியைப் போட்டுவிட்டு, "ஒன்றுமே வரவில்லையே" என்று பலர் தவிப்பதுண்டு. பொதுவான ஸ்கேனர் செயலிகளுக்கு ஐபீக்கன் தகவலை ஆப்பிள் காட்டாது. யூயூஐடியை முன்கூட்டியே சொல்லி, லொகேஷன் அனுமதியோடு கேட்கும் செயலிக்கு மட்டுமே அது கிடைக்கும்.

படி 3: தூரம், இங்கேதான் நிதானம் வேண்டும்

ஸ்கேன் வரியில் மைனஸ் 59, மைனஸ் 72 என்று ஓர் எண் ஆடிக்கொண்டே இருக்கும். போனுக்கு வந்து சேர்ந்த சிக்னலின் வலிமை அது, டெசிபல் கணக்கில். பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு வலு. பீக்கன் தன் எண்ணோடு சேர்த்து, "ஒரு மீட்டரில் நான் இவ்வளவு வலுவாகக் கேட்பேன்" என்ற அளவையும் ஒரு பைட்டில் அனுப்பும். இந்த இரண்டையும் ஒப்பிட்டுத்தான் செயலி தூரத்தை ஊகிக்கிறது. தடையில்லாத வெளியில் 6 டெசிபல் குறைந்தால் தூரம் இரட்டிப்பு, 20 டெசிபல் குறைந்தால் பத்து மடங்கு. அதாவது ஒரு மீட்டரில் மைனஸ் 59 என்றால், மைனஸ் 65 இரண்டு மீட்டர், மைனஸ் 79 பத்து மீட்டர்.

கணக்கு அழகுதான். இப்போது பீக்கன் போனை மேசை மேல் வைத்துவிட்டு, மூன்று மீட்டர் தள்ளி நின்று, கையில் உள்ள போனை மார்போடு ஒட்டிப் பிடித்தபடி திரும்பி நில்லுங்கள். எண் சடாரென்று இறங்கும். புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சும். மனித உடலில் பெரும்பங்கு நீர். உங்கள் உடம்பு 10 டெசிபலை விழுங்கினால், மூன்று மீட்டரைச் செயலி ஒன்பது மீட்டருக்கு மேல் என்று சொல்லும். நீங்கள் ஓர் அடிகூட நகரவில்லை!

அசையாமல் நின்றாலும் எண் ஆடுவதற்கு வேறு காரணம். பீக்கன் ஒரே அலைவரிசையில் கூவுவதில்லை. 37, 38, 39 என்ற மூன்று சேனல்களில் மாறி மாறிக் கூவும். இரும்பு ரேக், மெஷின் ஸ்டாண்டு, தகரக் கூரை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒவ்வொரு சேனலிலும் ஒவ்வொரு விதமாகக் கூடிக் குறையும். பனியன் கம்பெனியில் இரும்புக்குப் பஞ்சமா?

அதனால் "2.4 மீட்டர்" என்று திரையில் காட்டும் செயலியை நான் நம்பமாட்டேன். நமக்கு வேண்டியது எந்தப் பிரிவு என்பது மட்டுமே. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பீக்கன் வைத்து, எது வலுவாகக் கேட்கிறதோ அதுவே இடம் என்று கொள்ளுங்கள். சில விநாடிகளின் சராசரியை எடுங்கள். புதிய பீக்கன் பழையதைவிட 5 டெசிபலாவது கூடுதலாக, தொடர்ந்து கேட்டால் மட்டும் பக்கத்தை மாற்றுங்கள்; இல்லாவிட்டால் இரு பிரிவுகளின் எல்லையில் நிற்பவரின் திரை மாறிக்கொண்டே இருக்கும். பீக்கனை மேசைக்கு அடியில் ஒட்டாமல் தலைக்கு மேல் உயரத்தில், இரும்பிலிருந்து கொஞ்சம் விலக்கி மாட்டினால் பாதித் தொல்லை குறையும்.

படி 4: செயலிக்குள்

இனி வருவது கம்பெனிக்கான செயலியை எழுதுபவருக்கு. ஐபோனில் இரண்டு வேலைகள் தனித்தனி. 'மானிட்டரிங்' பின்னணியில் ஓடி, எல்லைக்குள் வந்தாயா, போனாயா என்று மட்டும் சொல்லும். ஒரு செயலிக்கு 20 எல்லைகள்தான். யூயூஐடி ஒன்றையே எல்லையாக வைத்தால் கம்பெனி முழுவதும் ஒரே எல்லையில் அடங்கிவிடும். 'ரேஞ்சிங்' செயலி திறந்திருக்கும்போது சுமார் விநாடிக்கு ஒரு முறை எல்லாப் பீக்கன்களின் வலிமையையும் தரும். பிரிவைக் கண்டுபிடிக்க இதுதான். வெளியேறிய செய்தி அரை நிமிடம்போலத் தாமதமாக வருவது இயல்பு, கோளாறு அல்ல.

ஆண்ட்ராய்டுக்கு 'ஆல்ட்பீக்கன்' குழுவின் திறந்தமூல நூலகம் (செயலியில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்) இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12 முதல் புளூடூத் ஸ்கேனுக்குத் தனி அனுமதி கேட்க வேண்டும். அந்த அனுமதியோடு "லொகேஷனுக்குப் பயன்படுத்தமாட்டேன்" என்று அறிவித்துவிட்டால் சில பீக்கன்களை ஆண்ட்ராய்டே வடிகட்டி மறைத்துவிடும். லொகேஷன் அனுமதியைக் கேட்டுவிடுவதே மேல்.

படி 5: நிஜப் பீக்கன்

சோதனை சரியாக வந்தபின் வாங்குங்கள், அல்லது புளூடூத் உள்ள இஎஸ்பி32 என்ற சின்ன மின்னணுப் போர்டில் நீங்களே செய்யுங்கள். காசு வடிவ பேட்டரி போட்ட பீக்கனின் ஆயுள், அது எத்தனை முறை கூவுகிறது என்பதைப் பொறுத்தது. ஐபீக்கன் விதிப்படி விநாடிக்கு பத்து முறை. விநாடிக்கு ஒன்றாகக் குறைத்தால் பேட்டரி பல மடங்கு நிற்கும். போன் கண்டுபிடிப்பது கொஞ்சம் தாமதமாகும். மின்சாரம் எட்டும் இடத்தில் யூஎஸ்பி பீக்கனே நல்லது.

இதை வைத்து வருகைப் பதிவு போடலாமா என்று அடுத்து கேட்பார்கள். பீக்கனின் எண் எல்லோருக்கும் கேட்கும் எண். படி 1இல் நீங்கள் செய்ததையே வேறொருவர் வீட்டில் உட்கார்ந்து செய்தால், செயலிக்கு அவர் கம்பெனியில் இருக்கிறார். சம்பளமோ பணமோ சம்பந்தப்பட்டால் பீக்கனை மட்டும் நம்பாமல் கைரேகை போல வேறொன்றும் சேர்த்து வையுங்கள்.

அப்புறம், மைனர் 3 என்றால் செக்கிங் என்ற பட்டியலைச் செயலிக்குள் எழுதிவிடாமல் சர்வரில் வையுங்கள். சீசனுக்குச் சீசன் மேசைகள் இடம் மாறும். அப்போது பட்டியலில் ஒரு வரியைத் திருத்தினால் போதும், எல்லார் போனிலும் செயலியைப் புதுப்பிக்க அலைய வேண்டியதில்லை.