நிதியங்களின் பங்குப் பட்டியலில் முதலில் தேதியைப் பாருங்கள்

பெரிய நிதியம் ஒன்று வாங்கியிருக்கிறது என்பதற்காக ஒரு பங்கை வாங்குமுன், அது வைத்திருக்கும் பங்குகளின் பட்டியல் எந்தத் தேதி நிலவரம் என்று பார்த்து, அன்றைய விலையை இன்றைய விலையோடு ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் பெரிய நிறுவன முதலீட்டாளர்கள் காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் பட்டியலைத் தாக்கல் செய்தால் போதும் என்பதால், மார்ச் 31 நிலவரம் பெரும்பாலும் மே மாத நடுவில்தான் நம் கண்ணில் படுகிறது. அதற்குள் அவர்கள் விற்றும் இருக்கலாம். மேலும், பிறர் வாங்குவதைப் பார்த்துத் தாமும் வாங்கும் மந்தைப் போக்கும், காலாண்டு முடிவில் ஏறிய பங்குகளைச் சேர்த்துச் சரிந்தவற்றை விற்றுப் பட்டியலை அழகுபடுத்தும் வழக்கமும் தொழில்முறை மேலாளர்களிடமும் உண்டு. தாமதத்தைவிட இதையே பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். பல காலாண்டுகளாகத் தொடர்ந்து வைத்திருக்கும் பங்குகளுக்குத் தாமதம் பெரிய பொருட்டல்ல. ஒரு சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் குறியீட்டு நிதியங்களுக்கோ இந்த ஒப்பீடே பொருந்தாது, ஏனெனில் ஒரு பங்கு அந்தக் குறியீட்டில் இருப்பதாலேயே அவை அதை வாங்குகின்றன.