எக்ஸ்பி கேமராவும் புது சர்வரும்

எங்கள் கண் மருத்துவமனையின் ஃபண்டஸ் கேமரா (விழித்திரையைப் படமெடுப்பது) நன்றாகத்தான் ஓடுகிறது. அதோடு வந்த கணினியில்தான் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி. 2014-லேயே மைக்ரோசாஃப்ட் கைகழுவியது. புது கேமரா வாங்கச் சொல்வது சுலபம், காசு யார் கொடுப்பது?

சர்வரை மாற்றியதும் படங்கள் போகவில்லை. நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறைகளில் எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 என்ற பழைய முறை மட்டுமே. வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் புகுந்த வழி அது. சர்வரில் திறக்க மனம் வரவில்லை.

முதலில் எக்ஸ்பியின் ஹார்ட் டிஸ்க்கை குளோன் எடுத்தேன். அப்புறம் இரண்டு லேன் போர்ட் உள்ள பழைய கணினியில் லினக்ஸும், அதிலிருந்து விண்டோஸுக்கு ஃபோல்டர் பகிரும் சாம்பாவும் போட்டு, ஒரு கேபிளைக் கேமராவுக்கும் மற்றதை சர்வருக்கும் கொடுத்தேன். சாம்பாவில் குறைந்தபட்ச புரோட்டோகாலை என்டி1 (அதாவது எஸ்எம்பி 1) ஆக்கியும் பாஸ்வேர்டு தப்பு என்றே அடம்பிடித்தது. பழைய பாஸ்வேர்டு சரிபார்ப்பை அனுமதிக்கும் 'என்டிஎல்எம் ஆத்' வரியில் 'யெஸ்' (yes) போட்டதும் ஃபோல்டர் திறந்தது. அதில் விழும் படங்களை ஆர்சிங்க் என்ற காப்பி எடுக்கும் புரோகிராம் சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. எக்ஸ்பிக்கு இன்டர்நெட் கிடையாது, பென்டிரைவும் கூடாது.